வாசலுக்குப் பின்னால் ஓர் இடைவெளி

“உங்க பிள்ளைக்கு நான் பேரை மாத்தி வச்சா சும்மா இருப்பீங்களா தம்பி? அப்புறம் நான் வச்ச பேர்ல ஏன் கை வச்சீங்க?”

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் சர்வர்க்காரம்மா மேனேஜரைப் பார்த்துக் கேட்டது இது. நாலு பேர் முன்னால் அவரை ‘சார்’ என்பாள். கோபம் வந்தால் ‘தம்பி’. அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். பயம் மட்டும் மாமியாரிடம் பயப்படுகிற மாதிரி.

அழகி என்று சொன்னால் அவளே சிரித்துவிடுவாள். தூண் போல உடம்பு, தகரத்தில் ஆணி இழுத்த குரல். சர்வர் அறையின் குளிருக்குப் புருஷனுடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வாள். அவர் கேட்டால், “உங்களுக்குத்தான் உட்கார்ந்த இடத்துலயே வேர்க்குதே, அப்புறம் எதுக்கு?” என்பாள். தட்டச்சு இரண்டே விரலில்தான். பத்து விரல்காரர்கள் சிக்கிக்கொண்டால் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு நர்ஸ் கேட்டாள்.

“சர்வர்னு ஒரே பெட்டி. அதுக்குள்ள ஒன்பது கம்ப்யூட்டர் குடித்தனம் பண்ணுது. ஒண்ணையும் கையால தொட முடியாது. அதுங்க ஒண்ணோட ஒண்ணு பேச, நடுவுல இணைச்சு விட ஸ்விட்ச்னு ஒண்ணு வேணும்ல? அதை நான் உண்டாக்கி விடுறேன். அதுவும் கண்ணுக்குத் தெரியாது.”

“அப்ப வயரு?”

“வயரும் பொய்தான்டி. பேச்சு மட்டும் நிஜம்.”

அந்த ஸ்விட்சுகள் மூன்று. வெளியுலகத்தோடு பேச விடுகிறதற்கு ‘வாசல்’ என்று பெயர் வைத்தாள். குடியிருக்கிற கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள்ளும், இடம் கொடுத்த சர்வரோடும் மட்டும் பேசுகிறது ‘கூடம்’. மூன்றாவது ‘அடுக்களை’. அங்கே பேசுவது வீட்டுக்காரனான சர்வர் காதுக்கே எட்டாது. மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், சிரிப்பார்கள் என்று மேனேஜர், பழையதற்குப் பதிலாக வந்திறங்கிய புதிய சர்வரில் மட்டும் அந்தப் பெயர்களை அழித்து ‘வெளி இணைப்பு ஒன்று’ என்கிற தினுசில் வைத்துவிட்டார். திட்டு வாங்கிய பிறகு அவரே உட்கார்ந்து பழைய பெயர்களைத் திரும்ப அடித்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை பழைய சர்வரில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. விசிறி முனகியது. எந்த நேரமும் படுத்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆறு வார்டுகளுக்கும் கொடுக்கிற கம்ப்யூட்டர் அதற்குள்தான் குடியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் புதிய சர்வருக்குக் குடி மாற்ற வேண்டும்.

“வெளிக் கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டுடலாமாக்கா? லெட்டர்கூட ரெடியா வச்சிருக்கேன்” என்றார் மேனேஜர்.

“ரிப்போர்ட் ஒரு நிமிஷம் நின்னுச்சுன்னா நாளைக்கு அவங்களையே வச்சுக்குங்க. நான் வேலையை விட்டுடறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்.”

சொல்லிவிட்டு நகர்த்தினாள். நகரவில்லை. ‘வாசல்’ என்ற ஸ்விட்ச் புதிய சர்வரில் இல்லை என்றது திரை. இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயராக இருந்தால்தான் அது நகரும்.

“இருக்கே! நான்தானே அடிச்சேன்!” என்றார் மேனேஜர். முகம் வெளுத்துவிட்டது.

அவள் புதிய சர்வரில் அந்தப் பெயரைத் திறந்து கடைசிக்குப் போனாள். சிமிட்டுகிற கோடு ‘ல்’லை ஒட்டி நிற்காமல் ஓர் எழுத்து இடம் தள்ளி நின்றது.

“வாசலை அடிச்சதோட கை நிக்கலியா? பின்னாடி ஒரு இடைவெளி விட்டிருக்கீங்க பாருங்க.”

மேனேஜர் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்தார். “எங்கக்கா? ஒண்ணுமே தெரியலையே.”

“அந்த ஒண்ணுமில்லாததுதான் இருக்கு!”

ஒரு விரலால் அதை அழித்தாள். மறுபடி நகர்த்தினாள். பக்கத்துத் திரையில், ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று அந்தக் கம்ப்யூட்டர் நொடிக்கொரு வரி பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழு நிமிடம் அவள் கண்ணை எடுக்கவில்லை. மேனேஜர் மூச்சுவிட்ட மாதிரியே தெரியவில்லை. குடி மாறுகிற நேரத்தில் ஒரே ஒரு வரி தயங்கி வந்தது. வந்துவிட்டது. மூன்றாவது வார்டுக்குப் போன் போட்டாள்.

“ரிப்போர்ட் வருதாம்மா?”

“வருதே. ஏன், என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. வேலையைப் பாரு.”

பழைய சர்வரின் விசிறி மூன்று மணிக்கு நின்றது. அதற்குள் மற்ற எட்டும் குடி மாறியிருந்தன. ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு கீழே மருந்துக்கடைப் பக்கம் போனாள். திரும்பி வந்தவள் மேனேஜருடைய மேஜையில், வெளிக் கம்பெனிக்கு எழுதி வைத்திருந்த அந்த லெட்டரின் மேலேயே, ஒரு படிக்கிற கண்ணாடியை விரித்து வைத்தாள். விலைச் சீட்டை அவள் கிழிக்கவில்லை. நூற்று இருபது ரூபாய்.