மங்கலத்துக்கு இரண்டு அம்சக் கட்டங்கள்

மங்கலம் கடலூரில் ஒரு பிரசவ வார்டில் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து இருபத்து நாலு வருடம் ஆகிறது. தன் கையில் எத்தனை பிள்ளை பிறந்தது என்று கேட்டால் சிரிப்பாள், கணக்குச் சொல்லத் தெரியாது. பிள்ளை வெளியே வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதுவது அவள் பொறுப்பு. வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு அந்த நேரத்தைத்தான் கேட்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, அன்புமணி என்ற இளம் தகப்பன் அவள் சொன்ன நேரத்தோடு விடவில்லை.

“பத்தரைன்னா கரெக்டா பத்தரையா சிஸ்டர்? முன்ன பின்ன இருக்குமா?”

“அஞ்சு பத்து நிமிஷத்துல என்னப்பா ஆயிடப் போவுது?”

“ராசிக் கட்டம் மாறாது. பக்கத்துல அம்சக் கட்டம்னு ஒண்ணு போடுவாங்கள்ல, அது மாறிடும். பதிமூணு நிமிஷத்துக்கு ஒரு தரம் லக்னம் நகருமாம். கல்யாண வாழ்க்கை எப்படின்னு அதுலதான் பாக்கணுமாம்.”

அவன் போன பிறகு மங்கலம் தன் செல்போனையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கடிகாரம் ஆறு நிமிஷம் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டூலில் ஏறி அவளே அதைச் சரி செய்தாள். மனசு மட்டும் சரியாகவில்லை. தன் ஜாதகத்தை யார் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று முதல் தடவையாக யோசித்தாள்.

ஜாதகத்தின் மேல் அவளுக்கு ஒரு பழைய கோபம் உண்டு. பிறந்தது தேவனாம்பட்டினத்தில். அந்தத் தெருவில் பிளஸ் டூ தாண்டிப் படித்த முதல் பெண். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது நாலு இடம் தட்டிப் போயிற்று. எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: கன்னியில் சுக்கிரன் நீசம், இந்தப் பெண்ணுக்குக் குடும்ப வாழ்க்கை சுகப்படாது. ஐந்தாவதாக வந்தவர் சுப்பராயலு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பிளாண்டில் மெக்கானிக். அந்த ஜாதகம் மட்டும் பொருந்தியது. இரண்டாயிரமாவது வருடம் தை மாதம் கல்யாணம். நாலு வருடம் கழித்து சுனாமியில் அம்மா வீட்டுத் தகரப் பெட்டி போனது, அதோடு அவள் ஜாதகமும் போனது. போய்த் தொலையட்டும் என்றுதான் அப்போது நினைத்தாள்.

வாழ்க்கையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுப்பராயலு குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். பேச்சுதான் கிடையாது. கம்ப்ரஸர் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. கேட்காததால் பேசாமல் இருக்கிறாரா, பேசப் பிடிக்காமல் இருக்கிறாரா என்று அவளுக்குப் பிடிபட்டதில்லை. மகள் கயல்விழி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு செம்மண்டலம் வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது. இருபத்து மூன்று வருடம் கூட இருந்த இந்த மனுஷன் யார் என்று சாப்பாடு போடும்போது அவளுக்குத் திடீரென்று தோன்றும். தோன்றியதும் பயமாக இருக்கும்.

சிதம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜோதிட வகுப்பு நடப்பதாக வார்டில் ஒருத்தி சொன்னாள். மேல வீதியில் ஒரு ஸ்டேஷனரி கடைக்கு மாடியில். மங்கலம் பஸ் ஏறிப் போனாள். சொல்லிக்கொடுத்தவள் இசைவாணி, கணிதத்தில் எம்.எஸ்சி. படித்தவள், முப்பத்திரண்டு வயது, மங்கலத்தைவிடப் பதிமூன்று வயது சின்னவள். ஒவ்வொரு ராசியையும் ஒன்பது துண்டாக வெட்டுவதுதான் நவாம்சம் என்று போர்டில் கோடு போட்டுக் காட்டினாள். ஒரு கிரகம் ராசியில் எங்கே நிற்கிறது என்பது மேலுக்குத் தெரிவது, அந்தத் துண்டு எந்த வீட்டைச் சேர்ந்தது என்பது உள்ளுக்குள் என்ன பலம் என்பது. கல்யாணத்தையும், வயது ஏற ஏற ஒரு ஆள் உள்ளே எப்படி மாறுகிறார் என்பதையும் அதில் பார்க்கிறார்கள் என்றாள்.

மங்கலம் தன் பிறந்த தேதியைக் கொடுத்தாள். எழுபத்தேழு அக்டோபர் பதினெட்டு, ஐப்பசி பிறந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

இசைவாணி கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, “உங்க சுக்கிரன் நீசம்னு சொன்னவங்க பக்கத்துக் கட்டத்தப் பாக்கலையா அக்கா?” என்றாள். “ராசியில கன்னி, அம்சத்துல மீனம். அங்க சுக்கிரன் உச்சம். மேலுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி தெரியும். நாளாக நாளாகத்தான் பழுக்கும்.”

மங்கலம் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். நாலு வீட்டுக்காரர்கள் பார்க்காமல் விட்ட கட்டம் அது.

“ஆனா லக்னம் சொல்றதுக்கு நேரம் வேணும். எத்தன மணிக்குப் பொறந்தீங்க?”

“ஜாதகத்துல விடியக்காலம் அஞ்சுன்னு இருந்துச்சு.”

“அஞ்சுன்னு முழுசா எழுதியிருந்தாலே எனக்குச் சந்தேகம்தான்.”

மறுநாளே மங்கலம் தேவனாம்பட்டினம் போய் அம்மா ராணியம்மாளைக் கேட்டாள். அம்மா கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: “அஞ்சுன்னு எழுதினது உங்கப்பா. அன்னிக்கு நம்ம வூட்ல ஏது கடியாரம்? மொதக் கட்டுமரம் எறங்கிப் போச்சு, ரெண்டாவது எறங்கல. அதுக்கு நடுவுல நீ பொறந்த.”

இரண்டு கட்டுமரத்துக்கும் நடுவே கால் மணி நேரமாவது இருக்கும். அந்தக் கால் மணிக்குள் இரண்டு விதமான அம்சம் வந்தது. நேரம் கொஞ்சம் முன்னால் என்றால் ரிஷப லக்னம்; அதில் சனி உட்கார்ந்து, புருஷனைக் குறிக்கும் ஏழாம் வீட்டைப் பார்க்கிறது. பின்னால் என்றால் மிதுனம். சனி விலகிவிடும், ஏழாம் வீடு காலியாகக் கிடக்கும். மங்கலம் நோட்டில் இரண்டையும் வரைந்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்த்தாள். ஒன்றில் பாரம், இன்னொன்றில் வெறுமை. இரண்டுமே தன் வீடு போலத்தான் இருந்தது.

“பிடிச்சதத் தேர்ந்தெடுக்கக் கூடாது,” என்றாள் இசைவாணி. “உங்க வாழ்க்கையில நடந்த முக்கியமான பத்து விஷயத்த தேதியோட எழுதிக்கிட்டு வாங்க. எது ஒத்துப் போவுதுன்னு போட்டுப் பாக்கலாம்.”

மங்கலத்துக்கு ஐந்து தேதிதான் நினைவு வந்தது. அடுத்த வார விடுமுறை நாளில் சுப்பராயலுவின் வலது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் எப்போதும் உட்காருவது இடது பக்கம். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

“இந்த வீட்டுக்கு நம்ம எப்பங்க குடி வந்தம்?”

“ரெண்டாயிரத்து ஒம்போது, ஜூன் பதினொண்ணு. வியாழக்கிழம. மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சி போட்டெல்லாம் எறங்கியிருந்துச்சுன்னு பிளாண்டுல லீவு குடுக்கல, அர நாள்தான் குடுத்தாங்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா இறந்த நாள், அவளுக்கு வேலை நிரந்தரமான நாள், கயல்விழி பெரிய மனுஷியான நாள் என்று கேட்கக் கேட்க அவர் கிழமையோடு சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

“ரெண்டாயிரத்து ஏழு, செப்டம்பர் நாலு. செவ்வாக்கிழம.”

இரண்டாவது பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்த நாள். அன்று காலையிலிருந்து அவள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாள். சுப்பராயலு சாயங்காலம்தான் வந்தார். சேற்றுக் காலோடு வந்தார், ஒன்றும் பேசாமல் கட்டில் ஓரமாக நின்றார். வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பைப் பதினாறு வருடமாக உள்ளே வைத்திருந்தாள்.

“அன்னிக்கு ஏங்க அவ்ளோ நேரம் கழிச்சி வந்தீங்க?”

அவர் டிவியை நிறுத்தினார். “காலையிலயே துணியில சுத்தி வாசல்ல நின்ன எங்கிட்டதான குடுத்தாங்க. எங்க கொண்டுபோறதுன்னு தெரியல. நடந்தே போனேன். கெடிலம் ஆத்தோரமா, நாணல் இருக்கும்ல, அங்க. மண்ணு எளக்கமா இருந்துச்சு. நாயி கீயி தோண்டிடும்னு கல்லு பொறுக்கி வச்சேன். ரொம்ப நேரம் அங்கயே ஒக்காந்துட்டேன். பையன்.”

மங்கலம் நர்ஸ். துணியில் சுற்றி வெளியே நிற்பவர் கையில் கொடுப்பதை எத்தனையோ தடவை அவளே செய்திருக்கிறாள். வாங்கிக்கொண்டு போகிறவர் எங்கே போகிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தன் புருஷனும் அப்படி ஒருவர் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கல. நானும் எப்படிச் சொல்றது?”

அவள் அழுதாள். அவர் அழவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் இருவரும் கெடிலத்தின் கரைக்குப் போனார்கள். நாணல் எல்லாம் அழிந்து கரையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். இந்த இடம்தான் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள்.

பத்துத் தேதியையும் இசைவாணி போட்டுப் பார்த்தாள். ஏழு ரிஷபத்துக்கு ஒத்துப் போயிற்று. “சனி இருக்கிற கட்டம்தான் உங்களோடதுன்னு தோணுது அக்கா,” என்றாள், கொஞ்சம் தயங்கி.

மங்கலம் தயங்காமல் கேட்டாள்: “சனி லக்னத்துலதான இருக்கு? லக்னம்னா நான்தான? அப்படின்னா பாரமா இருந்தது அவரில்ல மேடம். நான்தான பாத்துக்கிட்டே இருந்திருக்கேன், வாயத் தொறக்காம?”

இசைவாணி நோட்டைத் தன் பக்கம் திருப்பிக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு, “புத்தகத்துல இப்படி இல்ல. ஆனா அப்படியும் படிக்கலாம்,” என்றாள். ஏழாம் வீட்டைப் புருஷன் என்று மட்டும் படிக்கிறோம், அதைப் பார்க்கிற ஆள் யார் என்று கேட்பதில்லை என்று அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் சொன்னாள்.

அதற்குப் பிறகு மங்கலம் கேட்க ஆரம்பித்தாள். பிளாண்டில் இன்று என்ன ரிப்பேர், காது இரைகிறதா, சின்ன வயதில் எந்த சினிமா கொட்டகைக்குப் போவீர்கள் என்று. அவர் முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையாகச் சொன்னார். பதில் நீண்டு வர ஆறு மாதம் ஆனது. சண்டையும் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் போட்ட முதல் உருப்படியான சண்டை மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி. கயல்விழி போனில் அதைக் கேட்டுவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் இவ்ளோ பேசுவீங்களா?” என்றாள்.

இந்த வருடம் ஆனி மாதம் சுப்பராயலுவும் கூட சிதம்பரம் வந்தார். வகுப்பு முடியும்வரை கீழ வீதிப் பக்கம் சுற்றிவிட்டு வந்தார். இருவரும் ஒரு கடையில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டார்கள்.

“அடுத்த வாரம் உங்க ஜாதகத்தப் போடச் சொல்லியிருக்காங்க,” என்றாள் மங்கலம். “காலையில ஆறு பத்துதான?”

அவர் இட்லியைப் பிட்டபடியே, “ஆறு இருவத்தஞ்சு,” என்றார்.

“ஆறு பத்துன்னுதான ஜாதகத்துல இருக்கு?”

“அது நான் மாத்தினது. திருப்பாதிரிப்புலியூர் ஜோசியரு பாத்துட்டு அம்சத்துல இடிக்குது, வேணாம்னு சொல்லிட்டாரு. எவ்ளோ நேரம் தள்ளினா இடிக்காதுன்னு கேட்டேன். மொறச்சாரு. பெறகு காலு மணி நேரம் முன்னன்னாரு. எங்கம்மாவ அப்படியே சொல்ல வச்சேன்.”

மங்கலம் கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்தாள். “எதுக்கு?”

“நீ டிரெயினிங்ல இருந்தப்ப கையில கம்பி கிழிச்சிக்கிட்டு ஊசி போட வந்தேன். ஒனக்கு அதான் மொத ஊசி போல. என்னவிட நீதான் நடுங்கின. போட்டு முடிச்சிட்டு, வலிச்சுதான்னு கேட்ட. அதுவரைக்கும் யாரும் என்னைய அப்படிக் கேட்டதில்ல.”

அவளுக்கு அந்த ஊசி நினைவில்லை. அந்த முகமும் நினைவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. மங்கலம் நோட்டை மடியில் விரித்து, ஆறு இருபத்தைந்துக்குக் கட்டம் போட ஆரம்பித்தாள். பரங்கிப்பேட்டைத் திருப்பத்தில் பஸ் குலுங்கிக் கோடு கோணிக்கொண்டு போனது. சுப்பராயலு எட்டிப் பார்த்து, “இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டார்.

“இருங்க, இப்பதான் பாக்கறேன்,” என்றாள் அவள்.