மைக்கை அணைத்த செல்வராஜ் அண்ணன்

செல்வராஜ் அண்ணன் போயிட்டார். காலையில டீ குடிச்சிட்டு உக்காந்தவர்தான்... ஹார்ட் அட்டாக்.

அருமனை பக்கம் எங்க ஊர்ல மைக் செட் வச்சிருந்தவர். கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ, தென்னையில அவரோட கோளாம்பி ஏறினாத்தான் எங்களுக்கு விழா. கோளாம்பின்னா குழாய் ஸ்பீக்கர், வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்றேன்.

வாட்ஸ்அப் குரூப்ல செய்தி வந்ததும் ஒருத்தர் தனியா கேட்டார், "ஆர்ஐபி போடணுமா, ஓம் சாந்தி போடணுமா?" பேர வச்சு அவரால கண்டுபிடிக்க முடியலையாம்.

ஒண்ணும் போடாண்டாம், தூக்க ஆள் வேணும், கிளம்பி வாரும்னு சொன்னேன். இதுவரை ஆளக் காணோம்.

பத்து வருஷத்துக்கு முந்தி கோயில் கொடை. ஞாயித்துக்கிழமை காலை. புதுசா கமிட்டிக்குள்ள வந்த சிலபேர், கோளாம்பிய சர்ச் பக்கம் திருப்பி, அங்க பூசை நடக்கிற நேரத்துல சவுண்ட ஏத்தச் சொன்னாங்க.

அண்ணன் தென்னையில ஏறினார். திருப்பப் போறார்னு எல்லாரும் அண்ணாந்து பாத்தா... அவுத்துக் கீழ எறக்குறார்.

"எனக்க கோளாம்பி பாட்டு போடதுக்கு மக்கா. அடுத்தவன் முட்டுக்கால்ல நிக்கும்போ அவனுக்க காதுல கத்ததுக்கு இல்ல, கேட்டியா."

ஆம்ப்ளிஃபயரையும் தூக்கி ஆட்டோவுல வச்சிட்டுப் போயிட்டார்.

சர்ச் பக்கம் ஒரே கொண்டாட்டம். "அண்ணன் நம்ம ஆளு"ன்னாங்க. அந்தச் சந்தோஷம் அடுத்த நற்செய்திக் கூட்டம் வரைக்கும்தான்.

வெளியூர்ல இருந்து வந்த பிரசங்கியார், அடுத்தவங்க சாமிய கல்லு, பேய்னு திட்ட ஆரம்பிச்சார். மைக் செத்துப் போச்சு.

கரண்ட் போச்சான்னு பாத்தா டியூப் லைட்டெல்லாம் ஜம்முனு எரியுது. ஸ்டேஜ் ஓரத்துல அண்ணன் நிதானமா வயரைச் சுத்திட்டு இருக்கார்.

"ஒமக்க சாமிய பத்தி பேசும் ஐயா, விடிய விடிய போட்டுத் தாறேன். அடுத்தவனுக்க சாமிய வையதுக்கு வேற மைக் பாரும்."

அதோட ரெண்டு பக்கமும் அவரை ஒதுக்கிட்டாங்க. மார்த்தாண்டத்துல இருந்து ஆளுக்கொரு பாக்ஸ் செட் வந்துச்சு. ரெண்டு கமிட்டியும் ஒத்துமையா செஞ்ச ஒரே காரியம் அதுதான்.

கல்யாண வீட்டுக்காரங்ககிட்டயும் அவரைக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லி வச்சாங்க. அண்ணனோட மனைவி தங்கம் அக்கா அண்டி ஆபீஸுக்கு முந்திரி உடைக்கப் போனாங்க... வீடு ஓடினது அந்தச் சம்பளத்துலதான்.

என் தங்கச்சி கல்யாணத்துக்கு அப்பா செல்வராஜ் அண்ணனத்தான் கூப்பிட்டார். "அவன் வந்தா நாங்க வரமாட்டோம்"னு ரெண்டு பக்கமிருந்தும் ஆள் வந்து சொன்னாங்க.

"வராண்டாம். சோறு மிஞ்சினா பட்டிக்குப் போடுகேன்"னார் அப்பா. பட்டின்னா எங்க ஊர்ல நாய்.

அன்னைக்கு அண்ணன் போட்ட பாட்டு ரெண்டு தெருவுக்கும் கேட்டுச்சு. யாரும் காதைப் பொத்தினதா தெரியல.

இப்போ அவர் வீட்டு முத்தத்துல நின்னுதான் டைப் பண்றேன். வாசலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஃபிளெக்ஸ்... கொடைக் கமிட்டி ஒண்ணு, சர்ச் கமிட்டி ஒண்ணு.

ரெண்டுலயும் "எங்கள் அன்பு அண்ணன்". ரெண்டுலயும் அண்ணனை விடப் பெருசா அவங்கவங்க தலைவர்கள் கைகூப்பிக்கிட்டு நிக்காங்க.

தங்கம் அக்கா அழுகைய நிறுத்திட்டு வெளிய வந்தாங்க. வாசல்ல நின்ன ரெண்டு கமிட்டி ஆளுங்களையும் பாத்துச் சொன்னாங்க.

"ரெண்டு பேரும் படத்த அவுத்துட்டு உள்ள வாங்க. இல்லங்கி அப்படியே போங்க. அவருக்க சோத்துல மண்ணப் போட்டவங்களுக்கு அவரு அண்ணன் இல்ல."

ஒரு பக்கத்துக்காரங்க அவுத்துட்டாங்க. எந்தப் பக்கம்னு கமெண்ட்ல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

மத்தவங்க ரோட்டுல நின்னு யாருக்கோ போன் போட்டு பெர்மிஷன் கேட்டுட்டு இருக்காங்க. சாயங்காலம் அண்ணனை எடுக்கணும்... அதுவரைக்கும் அந்த ஃபிளெக்ஸ் இங்க நிக்காது.

அக்காகிட்ட கத்தி கேட்டு வாங்கிட்டேன். இந்தப் பதிவைப் போட்டுட்டு கயித்த அறுக்கப் போறேன், புடிக்காதவங்க அன்ஃபிரெண்ட் பண்ணிக்கோங்க.

போயிட்டு வாங்க அண்ணே.