பேனர் ஓரத்து இரும்புத் தொப்பிக்காரன்

செலினா மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று எலவனாசூர்கோட்டையில் ஒரு குடும்பம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. எதற்காக என்று கேட்டால் மட்டும் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

செலினா என் சித்தி மகள். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு, எல்லாம் அவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்கு வரும். பத்தடி ரோலில் எட்டடி பேனர் அடித்தால் ஓரத்தில் இரண்டடி வெறுமையாக நிற்கும். மற்ற கடைகளில் வெட்டிக் குப்பையில் போடுவார்கள். செலினா அதில் படக்கதை அடிப்பாள்.

வெளிநாட்டு விண்வெளிப் படங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பாள். வாய் மூடியிருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துவாள். வாய் திறந்திருந்தால் அது அவன் பேச்சு, மூடியிருந்தால் என் பேச்சு என்பாள். நிறுத்திய காட்சிகளை வரிசையாக அடுக்கி, குமிழுக்குள் நம்மூர்ப் பேச்சை எழுதினால் கதை தயார். அந்தப் பட்டைகளை வெள்ளிமலை ஜீப்காரர்கள் வாங்கிப் போவார்கள். டீக்கடைகளில் தொங்கும். சிலர் அதன்மேல் சாமை காயவைப்பார்கள். அள்ளி எடுத்தபின் தட்டிவிட்டு மறுபடி படிப்பார்கள்.

போன ஆடியில் எலவனாசூர்கோட்டைப் பெரிய நிலக்காரர் தெய்வசிகாமணி இறந்தார். மகன் தீனதயாளன் கருமாதிக்குப் பேனர் சொல்லியிருந்தார். அன்றைக்கு நல்ல மழை. பேனர் கட்டுகிற பழனி ஓரத்தை வெட்டாமலே சுருட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வந்தார். கட்டும்போது பட்டையைப் பார்த்தாராம். டிசைனோடு சேர்ந்தது என்று நினைத்துவிட்டாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பெரிய மனிதர்கள் பேனரில் எதைத்தான் போட்டுக்கொள்வதில்லை?

பந்தல் வாசலில் பெரியவர் கும்பிட்ட கையோடு சிரிக்கிறார். பக்கத்திலேயே இரும்புத் தொப்பியால் முகத்தை மூடிய ராஜா ஒருவன், கண்ணாடிக் கூண்டுக்குள் பயிர் வளர்ப்பவனைப் பார்த்துச் சொல்கிறான்: "பயிரு அப்படியே இருக்கட்டும். நீ எழுந்து போ."

வந்தவர்கள் நின்று படித்தார்கள். சிலர் சிரித்தும்விட்டார்கள்.

அது செலினா யோசித்து எழுதிய வசனமில்லை. அவள் அப்பா சிங்கராயர் அந்த வீட்டு நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். கதிர் முற்றியிருந்த சமயத்தில், வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் தெய்வசிகாமணி சொன்ன வார்த்தை அது. சோறு கொண்டுபோயிருந்த சிறுமி செலினா அதைக் காதால் கேட்டாள். புல்லட்டில் சாய்ந்து நின்ற தீனதயாளனும் கேட்டார். சிங்கராயர் பாதிச் சோற்றில் எழுந்தார். அதற்குப் பிறகு கடைசிவரை கூலி வேலைதான். அறுவடையை யார் வீட்டுக்கு ஏற்றினார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

தீனதயாளன் ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பங்காளிகள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். கம்ப்யூட்டரிலுள்ள படக்கதைகளை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேனர்கூட வராது. செலினாவின் பாதிப் பிழைப்பு அந்தப் பக்கம்தான்.

நான் இருப்பது மெல்போர்ன். எனக்குத் தூக்கம் போனது. ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடேன் என்றேன், சினிமாக் கம்பெனிக்காரன் வழக்குப் போட்டால் என்ன செய்வாய் என்றும் கேட்டேன்.

"அங்க உக்காந்துகினு நீ இன்னாத்துக்குண்ணா பயப்படற?" என்றாள். "எங்கப்பாவ சோத்துலருந்து எழுப்புனாங்களே, யாரு வந்து மன்னிப்பு கேட்டாங்க? நான் மட்டும் போய் கேக்கணுமா?" போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு அவள் போகவில்லை. திங்களன்று தீனதயாளனே பங்காளிகளோடு கடைக்கு வந்தார். நடந்ததைப் பழனி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இன்னா, கொழுப்பா? எங்கப்பா காரியத்துல எங்கப்பாவையே நக்கல் பண்ணுவியா?"

செலினா நாற்காலியை விட்டு எழவில்லை. ஓரம் வெட்டாமல் விட்டது கடையின் தப்பு, பேனரை மறுபடி அடித்துத் தருகிறேன் என்றாள். பிறகு கேட்டாள்:

"தொப்பி போட்டவனுக்கு மூஞ்சியே தெரியலையேங்க. அது உங்கப்பான்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

தீனதயாளனோடு வந்த ஒரு கிழவர், "ஏம்பா, பெரியவரு அப்படி எங்கயாவது பேசனாரா?" என்று அவரையே கேட்டார். தீனதயாளன் மேசையை ஓங்கித் தட்டிவிட்டு வெளியேறினார்.

சொன்னபடி ஆர்டர்கள் நின்றன. நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கு ஆசைதான், ஜெயிக்கவில்லை. ரிஷிவந்தியத்திலிருந்துகூட இரண்டு கல்யாண பேனர்கள் கைமாறிப் போயின. மிஷின் சும்மா கிடந்தது.

சும்மா கிடந்த மிஷினில் அவள் அந்தக் கதையின் அடுத்த பகுதியை அடித்தாள். இந்த முறை ஓரத்தில் இல்லை, ரோலின் முழு அகலத்துக்கும். பழனிதான் கடை முகப்பில் ஏறிக் கட்டினார். பேருந்திலிருந்து பார்த்தாலே தெரிகிறது: விண்கலத்து இருக்கையில் வாரை இறுக்கிப் போட்டுக்கொண்டு ஒரு பெண். வாய் மூடியிருக்கிறது. எதிரே இரும்புத் தொப்பி. குமிழில் அவள் பேச்சு:

"நான் உக்காந்துதான் இருப்பேன். நீ போ."