நடக்காத விபத்துக்குத் தங்கப் பதக்கம்

ஓய்வு பெறும்வரை அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் தரவட்டங்கள் என்னும் தொழிலாளர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஒரே ஷாப்பில் வேலை செய்யும் ஐந்தாறு பேர் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தங்கள் வேலையில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, காரணங்களை மீன்முள் படமாக வரைந்து, தாங்களே சரிசெய்ய வேண்டும். பிறகு போட்டிக்குப் போக வேண்டும். குறை சரியாகாவிட்டாலும் போட்டிக்குப் போகலாம்.

அந்த வருடம் பிரஸ் ஷாப் குழு எடுத்துக்கொண்ட குறை, தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் கை மாட்டுவது. கள்ளிக்குப்பத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் அதில் போயிருந்தன. குழுவின் ஐந்து பேரும் அப்போது பக்கத்து மெஷின்களில் நின்றவர்கள். அவர்கள் செய்த தடுப்புக் கம்பி நல்ல கம்பிதான். ஆனால் வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' பலகை ஓடிக்கொண்டிருந்தது; விபத்து என்று பதிவானால் அது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே வைத்தியம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் தனியார் நர்சிங் ஹோமில் நடந்தது. அறிக்கையில் அது 'நியர் மிஸ்' ஆயிற்று, அதாவது நடந்திருக்கக்கூடிய, ஆனால் நடக்காத விபத்து. விரல் போனால் படிவமே வேறு என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

போட்டியில் பழைய நிலையை நடித்துக் காட்டினால் தனி மதிப்பெண். குழுத் தலைவர் விரல் போனவரையே கூப்பிட்டார்.

"வா மாமே, உன்ன மாரி யாராலயும் கத்த முடியாது."

"கத்துனா பர்மனன்ட் பண்ணுவாங்களாடா?"

"மேனேஜரே சொல்லிக்கீறாரு."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். இரண்டு விரல் இல்லாதவரை வேறு எந்த கம்பெனியும் எடுக்காது.

மேடையில் கத்தினார். கைதட்டல். நடுவர் ஒருவர் கிட்டே வந்து கையைப் பார்த்துவிட்டு மைக்கில் கேட்டார்: "நியர் மிஸ்ஸுன்னு போட்டிருக்கீங்க. விரலைக் காணோமே?"

முன்வரிசையில் மேனேஜர் எழுந்து நின்றார்.

"பொறந்ததுலேர்ந்தே இப்டித்தான் சார்," என்றார் விரல் போனவர்.

ஊனமுற்றவருக்கு வாய்ப்பளித்த நிறுவனம் என்று நடுவர் பாராட்டினார். தங்கப் பதக்கம் கிடைத்தது.

யாரும் அவரை பர்மனன்ட் ஆக்கவில்லை. கான்ட்ராக்டர் மாறியபோது, புதியவர் அவரைச் சேர்த்துக்கொள்ளவுமில்லை. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு அலுவலகத்தில் ஊன உதவித்தொகைக்கு விபத்து அறிக்கை கேட்டார்கள். கம்பெனிக்கு அவரோடு நானும் போனேன். பர்சனல் அதிகாரி செல்போனில் போட்டி மேடை வீடியோவை ஓட்டிக் காட்டினார். "நீயே சொல்றியேப்பா, பொறந்ததுலேர்ந்துன்னு."

நேரில் பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்கள், அதற்கு வழி இருக்கிறது என்று வெளியே வந்து சொன்னேன். குழுவில் நான்கு பேர் போனை எடுக்கவில்லை. தலைவர் மட்டும் டீக்கடையில் அகப்பட்டார்.

"நீதானடா என்னத் தூக்கிகினு ஓடுன?"

"ஓடுனேன் மாமே, இல்லன்னு சொல்லல. கையெழுத்து போட்டா மெடல புடுங்கிக்குவாங்க. அடுத்த ரவுண்டு டெல்லில கீது. டீ சொல்லட்டா?"

காலையிலிருந்து எதுவும் சாப்பிடாததால் அவர் அதை வாங்கிக் குடித்தார்.