ஒரே வீட்டில் வசித்தோம் என்று ஒரு கையெழுத்து

என் கணவருக்கு என் கையெழுத்து தேவைப்பட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்டு வாங்க வேண்டிய பொருள் என்று ஒன்று இருந்தது அதுதான் முதல் தடவை. அந்த ருசியை நான் அவசரப்பட்டு விழுங்கிவிடவில்லை. நிதானமாக மென்றேன்.

கேளம்பாக்கத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அந்த விசா ஆபீஸ் இருக்கிறது. படியேறும்போதே முட்டை பப்ஸ் வாசனை கூடவே ஏறி வரும். அங்கிருந்த தம்பி பொறுமைசாலி. என் கணவருடைய கனடா பி.ஆர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிரந்தர வசிப்புரிமை என்று பெயர்தான் நிரந்தரம். ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது அங்கே வசித்திருக்க வேண்டும். இவரோ ஐந்து வருடமாக இங்கே மனை விற்றுக்கொண்டிருந்தார். கார்டும் காலாவதியாகி விட்டது. கார்டு இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தூதரகத்தில் பயண அனுமதி கேட்கலாம். கேட்டால் நாள் கணக்கைப் பார்ப்பார்கள், பார்த்தால் வசிப்புரிமையே போய்விடும்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அங்கே எங்கள் மகளுக்குக் கல்யாணம். இவர் முகம் தொங்கிப்போனது.

அப்போதுதான் அந்தத் தம்பி என் பக்கம் திரும்பினான். நான் குடியுரிமை வாங்கியவளா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கனடாக் குடிமகளான மனைவியோடு ஒரே வீட்டில் வெளிநாட்டில் இருந்த நாட்களையும் அங்கே இருந்த நாட்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். நான் இந்தியாவுக்குத் திரும்பி நான்கு வருடம் ஆகிறது. கணக்கு தாராளமாக வரும்.

"அப்போ மேடம்தான் சார் உங்க பி.ஆர்." என்று சிரித்தான்.

இவரும் சிரித்தார். என் தோளைத் தட்டினார். மாடு வாங்கும்போது முதுகைத் தட்டுவார்களே, அப்படி.

நான் குடியுரிமை வாங்கினேன், அவர் வாங்கவில்லை. நாட்டுப்பற்று என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார். உண்மையான பற்று நஞ்சை மேல். கனடா பாஸ்போர்ட் வாங்கிவிட்டால் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது. திருவிடந்தைக்கு உள்ளே தள்ளி எங்கே ஏக்கர் மலிவாக வந்தாலும் தன் பேரில் வாங்கி, கல் நட்டு, மனையாகப் பிரித்து விற்க அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். கல்யாண மண்டபத்தில் நாலு பேர் முன்னால் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்ட அந்தக் கார்டும் வேண்டும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். நாங்கள் ஒரே வீட்டில் வசிக்கவில்லை. அவர் கேளம்பாக்கத்து ஃபிளாட்டில். நான் என் சம்பாத்தியத்தில் வாங்கிய கூடுவாஞ்சேரி ஃபிளாட்டில். அந்த ஏற்பாடு என்னுடையது அல்ல. ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் தூசி, ரயில் சத்தம், வியாபாரத்துக்கு ஆகாது என்று அவர்தான் தனியாகப் போனார். பொங்கலுக்கு வருவார், தன் பக்கத்துக் கல்யாணங்களுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப இறக்கிவிடுவார். டெங்கு வந்து நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது போனில் நிலவேம்புக் கஷாயம் குடிக்கச் சொன்னார். அந்த மனிதரோடு நான்கு வருடம் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததாக நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தூதரகத்திலிருந்து கூப்பிட்டால் அதையே போனிலும் சொல்ல வேண்டும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நான் யோசிப்பேன் என்பதே அவருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

என்னைக் கனடாவுக்கு அழைத்துப்போனது அவர். ஸ்பான்சர் அவர். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்னைப் பத்து வருடம் ஆட்டிப்படைத்தார். குழம்பில் உப்பு கூடினாலும், நான் போனில் என் அம்மாவோடு கொஞ்சம் அதிகமாகப் பேசினாலும், ஒரு கடிதம் போட்டால் போதும், கனடாக்காரன் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவான் என்பார். அது அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியாது. அங்கே யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தேன். பாஸ்போர்ட், கார்டு, எல்லாம் அவர் பெட்டியில்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த நேரம், செங்கல்பட்டில் அம்மா இறந்துபோனாள். அண்ணன்தான் போன் செய்தார். நான் பையில் துணியை அடைத்துவிட்டேன். அப்போது என் கார்டு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டவர் பார்க்கவே இல்லை. அவர் சாவகாசமாகச் சொன்னார்: இந்தக் கார்டோடு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது, குழந்தை இங்கே, நீ அங்கே, இஷ்டமென்றால் போ. நான் பையிலிருந்து துணியை எடுத்து வைத்தேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் வேலைக்குப் போனேன். என் அம்மா செத்துக் கிடக்கிறாள், நான் யாரோ ஒருவருடைய அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீர் பதம் பார்த்துக் குளிப்பாட்டினேன்.

சில வருடம் கழித்து என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி, காலாவதியான கார்டோடு தன் அப்பா சாவுக்குப் போனாள். அங்கிருந்தே தூதரகத்தில் பயண அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். கார்டு செத்தாலும் உரிமை சாகாது என்று அவள் எனக்கு விளக்கினாள். அன்று இரவு இவரிடம் கேட்டேன். அப்படியா, எனக்குத் தெரியாதே என்றார். பொய். அம்மா இறப்பதற்கு முன்னேயே தன் நண்பனுக்கு அதே அனுமதிக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் இவர். நான் போனால் டிக்கெட் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, சமைக்க ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம். அதன் பிறகு என் காகிதங்களை நானே பார்த்துக்கொண்டேன். குடியுரிமைக்கும் நானே எழுதினேன், நானே பரீட்சை கொடுத்தேன்.

மகள் தன் காலில் நின்றதும் ஊருக்குத் திரும்பினேன். அண்ணன் வீட்டில் காபி கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெற்ற தாய் சாவுக்கு வர இஷ்டப்படாதவளுக்கு அதுவே அதிகம் என்று நினைத்திருக்கிறார்கள். அண்ணிதான் ஒருநாள் பூ கட்டிக்கொண்டே அதைச் சொன்னாள். நான் வரமாட்டேன் என்று சொன்னதாக மாப்பிள்ளையே போனில் சொல்லியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அழுதேன். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவ்வளவு நாள் கழித்துச் சொல்வதை யார் நம்புவார்கள்.

ஆகவே, கையெழுத்துக்காக இவர் தவிக்கத் தொடங்கியபோது எனக்கு இரக்கம் வரவில்லை. பழிவாங்க வேண்டும் என்றுதான் வந்தது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

இவர் என்னென்னவோ செய்து பார்த்தார். கூடுவாஞ்சேரிக்கு வாரம் தவறாமல் வந்தார். பலாச்சுளை வாங்கி வந்தார். மின்விசிறியைத் துடைத்தார். மகளிடம் போனில் அழுதிருக்கிறார். அவள் என்னைக் கூப்பிட்டாள். பயண அனுமதி கிடைக்காவிட்டால் வசிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு எல்லா அப்பாக்களையும் போல விசிட்டர் விசாவில் வரட்டும், அழைப்புக் கடிதம் நான் அனுப்புகிறேன், நீ போடுவதும் போடாததும் உன் இஷ்டம் என்றாள். என் வயிற்றில் பிறந்தவள்.

ஒரு மதியம் என்னை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போனார். கடலைப் பார்த்த ஓட்டல், மேஜைமேல் துணி விரித்தது. வறுத்த வஞ்சிரத்தை என் தட்டில் அவரே எடுத்து வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. மீனுக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

"சும்மா ஒரு கையெழுத்துமே. உனக்கு இன்னா குறஞ்சிபூடும்?" என்றார்.

"அண்ணன் வூட்டுக்கு வாங்க. அம்மாவுக்குப் படைக்கிற அன்னிக்கு, நடந்தது இன்னான்னு உங்க வாயால அண்ணங்கிட்ட சொல்லுங்க."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். "சொன்னா போடுவியா?"

"மொதல்ல சொல்லுங்க" என்றேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

படையல் நாளன்று வெள்ளை வேட்டியில் வந்தார். அம்மா படத்துக்கு முன் இலை போட்டு, வடை, பாயசம், அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு எல்லாம் வைத்திருந்தது. கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம். நான் இவரைப் பார்த்தேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்போது அங்கே சட்டம் அப்படி இருந்தது என்று ஆரம்பித்தார். சட்டத்தை விடுங்கள் என்றேன். அண்ணன் கையில் சாம்பார் வாளியோடு நின்றார்.

"மச்சான், அவ கெளம்பத்தான் பாத்தா. நான்தான் போவ வேணான்னு மறிச்சேன். அவளுக்கு மனசில்லன்னு உங்கிட்ட சொன்னதும் நான்தான். அவ அப்பிடிச் சொல்லல" என்றார், இலையைப் பார்த்துக்கொண்டு.

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். இவரை அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"நீ வந்துகினு கீறேன்னுதான் இவரு மொதல்ல சொன்னாரு. ரெண்டு நாளு அம்மாவ ஐஸ் பெட்டியில வச்சிகினு குந்தினு இருந்தோம். வாசல்ல கார் சத்தம் கேட்டா நான் எந்திரிச்சிப் போயிப் பாப்பேன். ரெண்டாம் நாளு பொழுது சாயச்சொல்லோதான் போன் பண்ணி, அவளுக்கு மனசில்லன்னாரு. அப்பறந்தான் எடுத்தோம்."

இது எனக்குத் தெரியாது. அம்மா எனக்காகக் காத்திருந்தாள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அந்த இரண்டு நாளும் நான் வேலைக்குப் போய் வந்தேன், மகளுக்குத் தலை வாரினேன், இவருக்குச் சப்பாத்தி போட்டேன். இவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். என்னை எதிர்பார்த்து அங்கே ஒரு பெட்டியைச் சுற்றி ஆட்கள் விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேதான் சாப்பிட்டார். நான் அண்ணன் தோளில் சாய்ந்து அழுதேன். அண்ணன் என் தலையில் கை வைத்தார். அந்தக் கைக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன்.

வெளியே காருக்குப் பக்கத்தில் இவர் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். பேனா மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தார். உண்மையைச் சொல்கிறேன், காலையில் நான் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். படிக்கிற கண்ணாடியைக் கைப்பையில் எடுத்து வைத்திருந்தேன். சொன்னால் சரி, தொலைந்துபோகட்டும் என்று இருந்தது.

"சொல்லிட்டேன் இல்ல? இப்ப போடு" என்றார்.

போடுகிறேன், ஆனால் இன்றைக்கு வேண்டாம், அம்மாவுக்குப் படைத்த நாள், காத்திருங்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்தத் தம்பிக்கு அங்கேயே போன் போட்டு, வேலை முடிந்துவிட்டது, மற்ற காகிதங்களைத் தயார் செய் என்றார். டிக்கெட் விலைகூட விசாரித்தார். மறுநாள் காலையிலும் மாலையிலும் என்னைக் கூப்பிட்டார். வருகிறேன், வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் நானே போன் செய்து, எனக்கு மனசில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.