பூமணிக்குத் துண்டு எழுதவில்லை

போன வெள்ளிக்கிழமை சந்தியில் வைத்துப் பூமணியைப் பொலிஸ் மறித்தது. கேட்டவுடன் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

பொய் சொல்லி என்ன? இத்தனை காலமாக, நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுத, இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களோடு கதைக்கிறேன்... உங்களிடம் மறைக்க ஏலுமா?

பூமணி என் கணவரின் தங்கை. எங்கள் ஊரான சரவணையில் அவளுடைய வளவுக்கும் என்னுடைய வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அறுபத்தாறு வயதிலும் சைக்கிளில் நிமிர்ந்து போவாள். நானும் போவேன் — அவளைவிட எனக்கு ஐந்து வயது கூட என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பொழுதுபட்ட பிறகு லைற் இல்லாத சைக்கிளில் வந்திருக்கிறாள். குற்றம்தானே? மறித்தார்கள். பிறகு?

விட்டுவிட்டார்கள்! "கவனமாப் போங்கோ அம்மா" என்று வழியனுப்பினார்களாம்.

இரண்டு வருசத்துக்கு முன் அதே சந்தியில், அதே குற்றத்துக்கு என்னையும் மறித்தார்கள். எனக்குத் தண்டத் துண்டு எழுதினார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அந்தத் துண்டை எழுத்துக் கூட்டி வாசிக்கவே ஒரு பின்னேரம் போனது. ஒருவருக்கும் தலை குனியாத நான், கோட்டில் நீதவானுக்கு முன்னால் கூண்டில் ஏறி, குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்தேன். அந்தக் கதையை அடுத்த ஊர்ப் புளியங்கூடல் வரைக்கும் கொண்டுபோனது யார்? பூமணி. "எங்கட மச்சாள் கோடு கண்டவ" என்று கலியாண வீடுகளிலும் சொன்னாள்.

இப்போது வேலிக்கு மேலால் தலையை நீட்டுகிறாள்.

"மச்சாள், அந்தப் பொலிசுக்கு என்ன மரியாதை தெரியுமே! ஆளைப் பார்த்துத்தான் எழுதுறாங்கள் போல."

"ஓம், உன்ர முகத்தைக் கண்டு பயந்திருப்பான்."

"முகராசி மச்சாள்... எல்லாருக்கும் வாய்க்குமே?"

எப்படி இருக்கும் எனக்கு?

மறுநாள் சனிக்கிழமை பின்னேரம் நான் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கோட்டுக்குப் போய் வந்த பிறகு வாங்கிப் பூட்டிய லைற்றைக் கழற்றி, அலுமாரிக்குள் வைத்தேன். நல்ல சேலை ஒன்றை உடுத்தேன். பொழுதுபடும்வரை பொறுத்திருந்து, சந்திக்கு விட்டேன் சைக்கிளை. அவளுக்குக் கிடைத்த மரியாதை எனக்கும் கிடைக்குமா, இல்லையா? தெரிந்தாக வேண்டும்.

எனக்குத் துண்டு எழுதிய அதே பொலிஸ்காரர்தான் நின்றார். ஆனால் மறிக்கவில்லை! யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றார். பூமணி கண்ணில் பட்டாள், நான் படமாட்டேனா? திரும்பி வந்து அவருக்கு முன்னால் பிறேக் பிடித்தேன்.

"தம்பி, என்ர சைக்கிளுக்கு லைற் இல்லை."

"தெரியுது அம்மா. உருட்டிக்கொண்டு போங்கோ."

"எழுதேல்லையோ?"

"இல்லை அம்மா. முதல்ல சொல்லித்தான் விடுறம்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் அண்டைக்கு எழுதினனீர்?"

அவருக்கு என்னை ஞாபகம் வந்துவிட்டது. தலையைச் சொறிந்தார். "அப்ப ஒரு நாளைக்கு இத்தினை துண்டு எழுதவேணும் எண்டு கணக்கு அம்மா. ஆக்களைப் பிடிக்கிறதுக்கும் அப்பிடித்தான். அண்டைக்குப் பொழுதுபட எனக்கு ஒண்டு குறைஞ்சு நிண்டது. நீங்கள் வந்தியள்."

"குறைஞ்ச அந்த ஒண்டு நானோ?"

"கோவியாதேங்கோ. இப்ப ஸ்டேசனுக்குப் புதுசா வந்த பெரியவர் அந்தக் கணக்கை நிப்பாட்டிப் போட்டார். குற்றத்தைப் பார், எண்ணிக்கையைப் பாராதை எண்டு சொல்லிப் போட்டார்."

"அப்ப நேற்று வந்த பொம்பிளை? அவவின்ர முகத்துக்காக விடேல்லையோ?"

"எந்தப் பொம்பிளை அம்மா? எத்தினை பேர் போகினம்..."

ஆகா! அந்தச் சொல்லை முடிந்து மடியில் கட்டிக்கொண்டு நடந்தேன். கூடவே கோபமும் வந்தது. இரண்டு வருசமாக நான் சுமந்த வெட்கம், யாரோ கேட்ட எண்ணிக்கையை நிரப்பத்தானா? கூடை நிரம்பவில்லை என்றால் மீன்காரர் குஞ்சு மீனையும் அள்ளிப் போடுவார். அதைப்போல என்னையும் அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் போகவில்லை. நேரே வேலிக்குப் போனேன்.

"பூமணி, அவனுக்கு உன்னை ஞாபகமே இல்லையாம்!" என்று தொடங்கி, எண்ணிக்கைக் கதை முழுவதையும் சொன்னேன். முகராசிக்காரியின் முகம் சுருங்கியது.

"அப்ப மச்சாள்... நீங்கள் கோட்டில ஏறி நிண்டது சும்மாவே?"

"சும்மாதான்."

"ஐயோ பாவம்!" என்றாள்.

அந்த 'பாவம்' இருக்கிறதே... அதைவிட அவள் சிரித்திருக்கலாம்.

எண்ணிக்கைக்குத் துண்டு எழுதுவதையும் ஆள் பிடிப்பதையும் நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் அது ஒரு பெரியவரின் நல்ல மனதோடு நின்றுவிடக் கூடாது. நாடு முழுவதற்கும் சட்டமாகவே எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு அவர் மாற்றலாகிப் போனால், குறைகிற அந்த ஒன்று நீங்களாகவும் இருக்கலாம் அல்லவா?

எனக்கு ஒரேயொரு மனக்குறைதான்.

அந்தக் கணக்கை நிறுத்துவதற்கு, பூமணி சந்தியைத் தாண்டும்வரையாவது அந்தப் பெரியவர் பொறுத்திருக்கலாம்.