கப்பல் சாப்பாட்டுக்கு ஒரு ஷூ

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில், செருப்பு தைக்கும் பெரியவர் முன்னால் நிற்கிறேன். குடும்பத்தோடு முதல் தடவையாகக் கப்பல் ஏறச் சென்னைக்குப் போகிறோம். ஷூ இல்லாவிட்டால் கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டு அறைக்குள் விடமாட்டார்களாம். மகள் படித்துச் சொன்னாள். என்னிடம் இருப்பது கம்பெனியில் கொடுத்த, முனையில் இரும்பு வைத்த ஷூதான்.

"பாலிஷ் போடுங்கண்ணா, கப்பல்ல சாப்பிடப் போவணும்."

"இத்த மாட்டிக்கினா? சோத்த இன்னா கிரேன்லயா எறக்குறாங்க, நைனா?"

"உள்ள உடமாட்டாங்களா?" ஷூவை அவரிடம் நீட்டுகிறேன்.

"நான் போடுற பாலிஷுக்குக் கேப்டனே சல்யூட் அடிப்பான்."

சொன்னபடியே பளபளக்கிறது. போட்டுக்கொண்டதும் மனைவி என் காலை ஓங்கி மிதிக்கிறாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப சாப்ட்டுட்டு எங்கூட டான்ஸ் ஆடு."

உள்ளே விடக்கூடாது என்று இப்போது வேண்டிக்கொள்கிறேன்.